ஆற்றுவழியே பாங்காக்

பாங்காக்குக்குத் தனியாகப் போகிறேன் என்றதும் நண்பர்கள் எழுதிக் கொடுத்த பட்டியலில் மால்களும் இரவுச் சந்தைகளும் மொட்டைமாடி உணவகங்களும் நிறைந்திருந்தன. படகைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அங்கே முதல் சில நாட்களைப் பெரும்பாலும் படகுகளிலும் படகுத்துறைகளை ஒட்டிய தெருக்களிலுமே கழித்தேன். அந்த நகருக்குப் புதிதாகத் தனியே வருகிற எவரும் அதை ஆற்றிலிருந்து பார்க்கத் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

அதற்கு வரலாற்றிலும் காரணம் இருக்கிறது. 1767-இல் பர்மியப் படைகள் பழைய தலைநகரான அயுத்தயாவை அழித்த பிறகு தலைநகரம் சாவோ பிரயா ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள தோன்புரிக்கு வந்தது. 1782-இல் அரசர் முதலாம் ராமா அதைக் கிழக்குக் கரைக்கு மாற்றி, ஆறு வளைந்தோடும் இடத்தில் கால்வாய் வெட்டிச் சேர்த்து, நான்கு புறமும் நீர் சூழ்ந்த ரத்தனகோசின் தீவாக ஆக்கினார். அரண்மனையும் பெரிய விகாரைகளும் ஆற்றை ஒட்டியே எழுந்தன. வண்டிகள் ஓடத் தக்க முதல் நவீன சாலையான சரோன் குருங் 1860-களில்தான் வந்தது. அதுவரை நீரிலேயே வாழ்ந்த நகரத்தை, நெரிசலில் நகராமல் நிற்கும் டாக்ஸிக்குள் உட்கார்ந்துகொண்டு புரிந்துகொள்வது கடினம்.

சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து ரயிலில் பயா தாய் நிலையம் வரை வந்து, அங்கிருந்து மேம்பால ரயிலில் ஏறி, சியாம் நிலையத்தில் தடம் மாறி, சபான் தக்சினில் இறங்கினால், படிக்கட்டு நேராகப் படகுத்துறைக்குக் கொண்டுபோய்விடுகிறது. சுற்றுலாப் பயணிகளுக்கென்று தனிப் படகு உண்டு. அதற்குக் கட்டணம் அதிகம். ஆரஞ்சு நிறக் கொடி கட்டிய படகில் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம்தான். நான் 16 பாட் கொடுத்தேன். தனியே பயணம் செய்கிறவருக்கு இதில் ஒரு நிம்மதி உண்டு. டுக்-டுக்கில் ஏறுவதற்கு முன் பேரம் பேச வேண்டும், அதுவும் முதுகில் பெரிய பையைக் கண்டதும் விலை ஏறிவிடும்; படகில் பேச்சே தேவையில்லை. நடத்துநராக வந்த பெண் உருளை வடிவத் தகரப் பெட்டியைக் கலகலவென்று குலுக்கிக்கொண்டே நெருங்குவார், காசைப் போட்டுக்கொண்டு, சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அடுத்தவரிடம் நகர்ந்துவிடுவார். பின்புறம் நிற்கும் பணியாளர் ஊதும் விசிலின் நீளத்தையும் விட்டுவிட்டு வரும் இடைவெளியையும் கேட்டே முன்னால் இருக்கும் ஓட்டுநர் படகைத் துறையோடு அணைக்கிறார். படகு துறையில் நிற்பது சில நொடிகள்தான். அதற்குள் வயதான பெண்கள்கூடக் கூடையோடு தாவி ஏறிவிடுகிறார்கள்.

நான் தங்கியது பிரா ஆத்தித் துறைக்கு அருகில், காவோ சான் சாலையின் இரைச்சல் எட்டாத ஒரு சந்தில் உள்ள ஹாஸ்டலில். படுக்கைக்கு ஒரு திரையும் பூட்டுவதற்கு ஒரு பெட்டியும் உண்டு. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் துறையின் பக்கத்திலேயே 1783-இல் கட்டப்பட்ட பிரா சுமேன் கோட்டையும், அதை ஒட்டி ஆற்றைப் பார்த்த ஒரு பூங்காவும் இருக்கின்றன. பழைய நகரைச் சுற்றியிருந்த 14 கோட்டைகளில் இன்று எஞ்சியிருப்பவை இரண்டே, அதில் இது ஒன்று. மாலையில் அங்கே உட்கார்ந்திருந்தபோது சரியாக 6 மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் தொடங்கியது. ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஓட்டத்தை நிறுத்தினார்கள், பந்து விளையாடிய சிறுவர்கள் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கீதம் முடிந்த மறுகணமே எல்லாம் பழையபடி நடக்கத் தொடங்கியது. காலை 8 மணிக்கும் இப்படித்தான். புதிதாக வருபவர்களும் எழுந்து நின்றுவிடுவது மரியாதை.

அரண்மனைக்குப் போகும் வழியில், கண்ணியமாக உடுத்திய ஒருவர் என்னை நிறுத்தி, இன்று சடங்கு நடப்பதால் மதியம் வரை மூடியிருக்கும், அதுவரை வேறு கோயில்களைக் காட்ட மலிவாக ஒரு வண்டி ஏற்பாடு செய்கிறேன் என்றார். அந்த வண்டி கடைசியில் ரத்தினக் கடையில் போய் நிற்கும் என்பது பாங்காக்கில் பல ஆண்டுகளாகத் தொடரும் கதை. அரண்மனை வாசலில் கூட்டம் எப்போதும்போல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. 500 பாட் நுழைவுக் கட்டணம் அதிகம்தான், இருந்தாலும் தயங்காமல் கொடுக்கலாம். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்தியிருக்க வேண்டும்.

உள்ளே மரகத புத்தரைக் காணத்தான் கூட்டம் முண்டியடிக்கிறது. 66 சென்டிமீட்டர் உயரமே உள்ள அந்தச் சிலைக்குப் பருவத்துக்கு ஓர் ஆடையாக ஆண்டில் மூன்று முறை அரசரே அணிவிக்கிறார். என்னை அதிக நேரம் பிடித்து வைத்தவை சுற்றுப் பிராகாரச் சுவர்களில் 178 பகுதிகளாகத் தீட்டப்பட்டிருக்கும், தாய்லாந்தின் இராமாயணமான ராமகியன் ஓவியங்கள். கம்பனைக் கேட்டு வளர்ந்த கண்ணுக்கு முதலில் எல்லாம் தெரிந்த கதையாகவே இருக்கிறது. சற்று நேரத்தில் அந்தத் துணிச்சல் போய்விடுகிறது. சேது கட்டும்போது கற்களை எடுத்துப்போகும் மீன்பெண்ணை அனுமன் துரத்துகிறான், பிறகு அவளையே காதலிக்கிறான், மச்சானு என்றொரு மகனும் பிறக்கிறான். அந்த மீன்பெண் வேறு யாருமல்லள், இராவணனின் மகள். நம் ஊர்ப் பிரம்மச்சாரி இங்கே வந்து நன்றாகவே வாழ்ந்திருக்கிறார்! இராவணனோ பச்சை முகத்தோடும் கோரைப்பற்களோடும் ஆற்றின் எதிர்க்கரையில் வாட் அருண் கோயில் வாசலில் காவல் நிற்கிறான். அவனை விரட்ட வேண்டிய இடத்தில் நிறுத்திக் காக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வாட் அருணுக்குத் தா தியென் துறையிலிருந்து அக்கரைப் படகில் போக வேண்டும். தொலைவிலிருந்து சாம்பல் நிறமாகத் தெரியும் கோபுரம், அருகில் போனதும் சீனப் பீங்கான் துண்டுகளால் இழைத்த பூக்களாகிறது. இக்கரையில் வாட் போ கோயில். 46 மீட்டர் நீளத்துக்குச் சாய்ந்திருக்கும் புத்தரின் முத்துச்சிப்பி பதித்த பாதங்களில் 108 மங்கலச் சின்னங்கள் உள்ளன.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தனியே உண்பதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை, தெருக்கடை முக்காலிகள் ஒற்றை ஆளுக்கென்றே செய்தவை. காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு இருக்கும் என்பதால், சைவம் மட்டும் உண்பவர்கள் மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்துள்ள ‘ஜே’ பலகையைத் தேட வேண்டும். அங்கே பூண்டு வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லை.

ஆற்றுப்படகு பழகிய பிறகு சேன் சேப் கால்வாய்ப் படகில் ஏறலாம். மூன்றாம் ராமா காலத்தில், 1837 முதல் 1840 வரை வெட்டப்பட்ட இந்தக் கால்வாயில் இன்று அலுவலகம் போகிறவர்களே மிகுதியாகப் பயணிக்கிறார்கள். நீர் கறுத்து நாறும், அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. எதிர்ப்படகு வரும்போது ஓரத்தில் அமர்ந்திருப்பவர் கயிற்றை இழுத்துப் பிளாஸ்டிக் திரையை உயர்த்த வேண்டும்; நான் அரைநொடி தாமதித்தால் பின்வரிசையிலிருந்து ஒரு கை நீண்டு கயிற்றைப் பற்றிக்கொள்ளும். தாழ்வான பாலங்களுக்கு அடியில் கூரையையே இறக்குகிறார்கள். தலைக்கவசம் அணிந்த நடத்துநர்கள் படகின் வெளிவிளிம்பில் ஒற்றைக்கையால் பிடித்துக்கொண்டு நடந்தபடியே சீட்டு கொடுக்கிறார்கள்.

நான் போன படகு முடிந்த பான்ஃபா துறையில் எஞ்சியிருக்கும் மற்றொரு கோட்டையான மகாகான் நிற்கிறது. அங்கிருந்து சிறிது நடந்தால் சாலை நடுவே சுமார் 21 மீட்டர் உயரத்துக்குச் சிவப்புத் தேக்குத் தூண்கள் தெரியும். 1784-இல் முதலாம் ராமா நிறுவிய பெரிய ஊஞ்சல் அது. இப்போதுள்ள தூண்கள் 2007-இல் புதுப்பித்தபோது வைத்தவை. வானில் ஆடி, உயரே கட்டிய காசுப்பையைப் பல்லால் கவ்விய அந்தச் சடங்கு, விழுந்து இறந்தவர்கள் உண்டு என்பதால் 1935-இல் நிறுத்தப்பட்டது. அருகிலேயே, ஊஞ்சலை நிறுவிய அதே 1784-இல் எழுந்த தேவஸ்தானம் என்ற இந்துக் கோயில், வெள்ளைச் சுவருக்குள் சிவன், விநாயகர், திருமால் மூவருக்கும் தனித்தனிக் கட்டடங்களோடு இருக்கிறது. ஊஞ்சல் நின்றுபோனாலும் இங்குள்ள அரசவைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் அந்த விழாவில் திருவெம்பாவை ஓதுவது நிற்கவில்லை. தாய்லாந்தின் நாவில் உச்சரிப்பு உருமாறித் தலைமுறைகளாகக் கைமாறி வந்த பாடம் அது. நான் போனது விழாக்காலம் அல்ல, வெண்ணிற உடையில் ஒருவர் தரை பெருக்கிக்கொண்டிருந்தார். விழா டிசம்பர், ஜனவரியை ஒட்டி, நம் மார்கழியில் வருகிறது. அந்தக் காலத்தில் போக முடிந்தவர்கள் முன்கூட்டியே தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். சாம் யோட் மெட்ரோ நிலையத்திலிருந்தும் இந்த இடத்துக்கு நடந்தே வந்துவிடலாம்.