தோட்டத்துச் சாலைக்கு பிக்அப்பை உயர்த்த, கை கடிக்காத வழிகள்

மழைக்காலத்தில் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் லோரித் தடம் ஆழமாகி, பிக்அப்பின் வயிறு நடுமேட்டில் உரசும். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: சஸ்பென்ஷனை உயர்த்தினால் பின் டிஃப் (பின் அச்சின் நடுவில் உருண்டையாக இருக்கும் கியர் கூடு) உயராது. அதற்குப் பெரிய டயர்தான் வழி.

பழைய டி-மேக்ஸ், ஸ்டோர்ம் போன்றவற்றில் முன்பக்கம் டார்ஷன் பார், அதாவது முறுக்கேறி ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புக் கம்பி. செலவே இல்லை. சக்கரங்கள் தொங்கும்படி ஸ்டாண்டில் நிறுத்தி, பாரின் உயரத்தை மாற்றும் போல்ட்டின் மரையைக் கம்பி பிரஷால் தேய்த்து எண்ணெய் விட்டு, இருபக்கமும் ஒரே அளவு சுற்றுங்கள். இறக்கிச் சற்று ஓட்டிய பிறகே ஹப் நடுவிலிருந்து மட்கார்ட் வரை அளக்க வேண்டும். ஒன்றரை அங்குலம் போதும். மீறினால் சக்கரத்தைத் தாங்கும் மேல் ஆர்ம் ஸ்டாப்பரில் முட்டும், டிரைவ் ஷாஃப்ட் பூட் (ரப்பர் உறை) சீக்கிரம் கிழியும். வண்டி உதறினால் பார் விறைத்துவிட்டது என்பார்கள். பார் அதேதான், சக்கரம் கீழிறங்க இடமில்லாததால் வரும் உதறல் அது.

பின்பக்கம் 2 அங்குலம் நீண்ட ஷேக்கிள் (பட்டை ஸ்பிரிங்கின் முனையைச் சேஸியோடு இணைக்கும் துண்டு) போட்டால் கிடைப்பது 1 அங்குலம்தான். குலை ஏற்றுகிறவர்களுக்குக் கூடுதல் பட்டை ஒன்று சேர்ப்பதே மேல். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே பிளாக் வைத்தால் ஒன்றுக்கு மேல் அடுக்காதீர்கள்; இரண்டையும் பிடிக்கும் யு-போல்ட் புதிதாக, நீளமாக வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்குங்கள்.

பலர் மறப்பது பிரேக் வால்வை. பின் அச்சோடு கம்பியால் இணைந்த வால்வு இருந்தால், உயர்த்திய வண்டியை அது காலி வண்டி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். கம்பியின் பிராக்கெட்டையும் அதே அளவு மாற்றுங்கள். பிறகு அலைன்மென்ட், ஹெட்லைட் இரண்டையும் சரிசெய்யுங்கள். புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை நிலையத்தின் சோதனைக்குப் போகும் வண்டியென்றால் முன்பே விசாரித்துவிடுங்கள்.