குன்னூர் நாட்குறிப்பு: ஒரு பாட்டிலும் கொஞ்சம் டஸ்ட்டும்

ஜனவரி 11, சனி

சித்தி மகளும் மாப்பிள்ளையும் பார்சிலோனாவிலிருந்து வந்தாயிற்று. பெட்டியைத் திறந்ததும் அம்மாவுக்கு ஆலிவ் எண்ணெய். எனக்குத் தடித்த பச்சைக் கண்ணாடியில் ஒரு பாட்டில்: காவா, ஸ்பெயினின் நுரைக்கும் ஒயின். அம்மா பார்த்த பார்வையிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. பொங்கல் முடிகிற வரைக்கும் அது திறக்கப்படாது.

திறக்காத பாட்டிலை நடுவில் வைத்துக்கொண்டு ராத்திரி வெகுநேரம் கதை. பார்சிலோனாவுக்குப் பக்கத்தில் சான் சதுர்னி என்று ஊர். 1872-ல் முதல் காவாவை அங்கேதான் செய்தார்களாம். தாத்தா, மகள், பேரன் சேர்ந்து நடத்தும் நிலவறை ஒன்றுக்கு இருவரும் போயிருக்கிறார்கள்.

"பீர் மாதிரி கேஸ் அடைக்கிறது இல்ல மச்சான். பாட்டிலுக்குள்ளயே ரெண்டாவது தடவை புளிக்க விடறாங்க."

தேயிலை தரகு ஆபீசில் ருசி பார்த்துப் பிழைக்கிறவன் சும்மா விடுவேனா? குடைந்து குடைந்து கேட்டேன். முதலில் மக்காபெயோ, சரெல்லோ, பரெயாதா என்ற மூன்று வெள்ளைத் திராட்சைகளில் சாதாரண ஒயின் தயாராகும். லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பாட்டிலில் ஊற்றி மூடிவிடுவார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வெளிவிடுகிற வாயு போக வழியில்லாமல் ஒயினிலேயே கரைகிறது. உள்ளே அழுத்தம் 6 வளிமண்டலம் வரை ஏறும். கார் டயரில்கூட அவ்வளவு கிடையாது. கண்ணாடி ஏன் இத்தனை கனம் என்று அப்போதுதான் புரிந்தது.

அப்புறம் படுக்கப்போட்டு இருட்டில் விட்டுவிடுவார்கள். சட்டப்படி குறைந்தது 9 மாதம். இந்தப் பாட்டில் 'கிரான் ரிசர்வா' ரகம், 30 மாதத்துக்குக் குறையக் கூடாது. செத்த ஈஸ்ட்தான் ருசி கொடுக்கிறதாம். கடைசியில் ஓட்டை போட்ட மரச் சட்டத்தில் கழுத்தைச் சொருகி, நாளுக்குக் கொஞ்சம் திருப்பித் திருப்பித் தலைகீழாக்குவார்கள். வண்டல் கழுத்தில் இறங்கியதும் கழுத்தை மட்டும் உறையவைத்துத் திறந்தால், பனிக்கட்டியும் வண்டலும் ஒன்றாய் வெளியே பாயும். பெரிய கம்பெனிகளில் இதையெல்லாம் எந்திரமே செய்துவிடும். அந்தத் தாத்தா இன்னும் கையால்தான் திருப்புகிறாராம்.

எனக்கு ருசியைவிட அந்த 30 மாதம்தான் மண்டையில் ஓடியது. சரக்கைப் போட்டு வைக்க வைக்க மதிப்பு ஏறுகிற தொழில்!

ஜனவரி 12, ஞாயிறு

ஊட்டி பக்கம் தலைகுந்தாவில் உறைபனி. பார்க்கக் கூட்டிப்போகச் சொன்னாள் தங்கச்சி. பனியில் இலை கருகினால் யார் வயிறு காயும் என்று தெரிந்தவனுக்கு அதில் என்ன வேடிக்கை? காரை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுத் தூங்கினேன்.

ஜனவரி 17, வெள்ளி

"அங்க நாங்க பார்த்தோம்ல, இங்க நீங்க காட்டுங்க" என்றாள் தங்கச்சி. கோத்தகிரி ரோட்டில் நண்பன் குடும்பத்தின் ஃபேக்டரிக்குப் போனோம். சொந்தத் தோட்டம் கிடையாது. சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி அரைக்கிறார்கள். இலையை வலைத்தட்டில் பரப்பிக் கீழிருந்து காற்றுவிட்டு ராத்திரி முழுக்க வாட்டி, காலையில் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற சிடிசி ரோலர்களில் விடுகிறார்கள். நசுங்கிய இலைச்சாற்றில் காற்றுப் பட்டதும் பச்சை செம்பாக மாறுகிறது. இங்கே ஈஸ்ட்டுக்கு வேலையே இல்லை. எப்போது டிரையருக்கு அனுப்புவது என்பதை நண்பனின் அம்மா ஒரு பிடி அள்ளி முகர்ந்து சொல்கிறார். கொஞ்சம் முந்தினால் பச்சை வாடை, பிந்தினால் சப்பென்று போய்விடும்.

"ஒரு வருஷம் வச்சிருந்து நல்ல விலை வரும்போது விக்க முடியாதாங்க?" மாப்பிள்ளை கேட்டார்.

நண்பனின் அம்மா சிரித்தார். "பறிச்ச இலை நாளைக்கு வரைக்கும் தாங்காது தம்பி. தூளானாலும் பழசுன்னா ஏலத்துல கேட்க ஆள் இல்ல."

நாலு கிலோ இலைக்கு மேல் போட்டால்தான் ஒரு கிலோ தூள். ஏலத்தில் தூள் விலை இறங்கினால் இலை விலையும் இறங்கும். விவசாயி கொழுந்தைச் செடியிலேயே விட்டுவைக்கவும் முடியாது, முற்றிவிடும். சான் சதுர்னி தாத்தா மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அப்புறம் டீ ருசி பார்க்கக் கோப்பைகளை வரிசையாக வைத்து, 100 மி.லி.க்கு 2 கிராம், 6 நிமிடம். குன்னூர் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. இங்கே நல்ல நிறம் காட்டுகிற டீ கீழே சமவெளிக்குப் போனால் இன்னும் காட்டும். நான் சர்ரென்று உறிஞ்சித் துப்பியதும் தங்கச்சி முகத்தை மூடிக்கொண்டாள். ஒயின்காரர்களும் துப்புவார்களாம், ஆனால் இவ்வளவு சத்தம் இல்லையாம்.

ஜனவரி 18, சனி

ஃப்ரிட்ஜ் தேவைப்படவில்லை. ராத்திரி முழுக்க மொட்டைமாடியில் கிடந்த பாட்டிலை அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்துத் திறந்தோம்.

எலுமிச்சை, பச்சை ஆப்பிள், பின்னால் வாட்டிய ரொட்டி வாசனை. இனிப்பு சுத்தமாக இல்லை. குமிழி ஊசி முனையளவு. டீயில் 'பிரிஸ்க்' என்போமே, நாக்கைச் சுண்டுகிற அந்த உயிர் இதில் இருக்கிறது. ஆனால் 30 மாத ஈஸ்ட் வாசனை எனக்குக் கொஞ்சம் அதிகம். 9 மாதச் சரக்கே எனக்குப் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். மாப்பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை.

சான் சதுர்னி தாத்தாவுக்குக் கொடுக்க என்ன வாங்கலாம் என்று கேட்டார். இலையை அரைக்காமல் உருட்டிச் செய்கிற முழு இலை ஆர்த்தடாக்ஸ் டீ என்றேன். "வேணாம் மச்சான், நேத்து அந்த அம்மா முகர்ந்து அனுப்பின டஸ்ட் தூள்ல ரெண்டு கிலோ." நண்பனுக்குப் போன் போட்டுவிட்டேன்.