வடக்கு லைனில் முதல் வருடம்: பேசின படியும் கைக்கு வந்த காசும்

நாமக்கல்லில் லாரித் தொழில் புதுசில்லை. எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் பாடி கட்டும் பட்டறையிலோ புக்கிங் ஆபீஸிலோ ஸ்டியரிங்கிலோ ஒருத்தர் இருப்பார். ஆனாலும் ஹெவி லைசென்ஸ் எடுத்து வடக்கே போனால் என்ன செலவு, என்ன வரும் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். இது என் கணக்கு.

உள்ளூரில் குட்டியானை ஓட்டிக்கொண்டிருந்தேன். இலகு ரக லைசென்ஸுக்கு ஒரு வருடம் முடிந்திருந்தது, 20 வயதும் தாண்டியாகிவிட்டது. எல்.எல்.ஆர். போட்டு 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். அரசாங்கக் கட்டணம் சில நூறுகள்தான். எல்.எல்.ஆருக்கு 150 ரூபாய், டெஸ்டுக்கு 300 ரூபாய், அப்படி. பணம் போவது டிரைவிங் ஸ்கூலுக்கு. அவர்கள் தரும் படிவம் 5 சான்றிதழ் இல்லாமல் சரக்கு வண்டி லைசென்ஸ் கிடைக்காது. மருத்துவச் சான்று, அலைச்சல் எல்லாம் சேர்த்து எனக்கு 14,000 ரூபாய் ஆனது.

லைசென்ஸ் வந்த உடனே 12 சக்கர வண்டியை யாரும் கையில் கொடுக்கமாட்டார்கள். கொடுக்கவும் கூடாது. தொப்பூர் கணவாயில் லோடோடு சேலம் பக்கம் இறங்குவதை ஸ்கூல் மைதானத்தில் கற்றுக்கொள்ள முடியுமா? மாற்று டிரைவராகத்தான் ஏறினேன். பெரிய டிரைவர் அண்ணன் முதல் இறக்கத்திலேயே சொன்னார்: "கீழ் கியரை மேலேயே போட்டுட்டு எறங்குடா தம்பி. பாதியில மாத்திக்கலாம்னு பிரேக்கையே மிதிச்சுட்டு வந்தீன்னா சூடாயி புடிக்காமப் போயிடும்."

காக்கிச் சட்டை, கம்பளி, டார்ச், தட்டு, தண்ணீர் கேன் வாங்க 3,000 ரூபாய் போல ஆனது. அடுப்பும் குக்கரும் வண்டியிலேயே இருந்தன. யாரும் கணக்கில் சேர்க்காத செலவு ஒன்று உண்டு. டிரிப் முடிந்து கணக்குத் தீர்க்கிற வரை படி, அதாவது டிரைவருக்குப் பேசின காசு, கைக்கு வராது. வீட்டுச் செலவுக்குக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மச்சானிடம் கடன் வாங்கிக் கொடுத்தேன். லைசென்ஸ் செலவைவிட அந்தக் கடன்தான் ரொம்ப நாள் இழுத்தது.

எங்கள் லோடு பெரும்பாலும் சேலம் ஜவ்வரிசி. வடக்கே விரத நாளில் சாபுதானா கிச்சடி செய்கிறார்களே, அதற்கு. பெங்களூர், ஹூப்ளி, புனே வழியாக நாசிக். திரும்பும்போது லாசல்கான் பக்கம் வெங்காயம். எனக்குப் பேசினது கிலோமீட்டருக்கு 2 ரூபாய். போய்வர 2,500 கிலோமீட்டர், அதாவது 5,000 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஓடுகிற நாளுக்குத்தான் அந்தக் கணக்கு சரிவரும். போக மூன்று நாள், வர மூன்று நாள் என்றால் நாளுக்கு 800 ரூபாய்க்கு மேல். ஆனால் சரக்கு இறக்க ஒரு நாள் நிற்க வேண்டும், அப்புறம் ரிட்டர்ன் லோடுக்குக் காத்திருக்க வேண்டும். மழை பெய்தாலோ மண்டியில் விலை சரிந்தாலோ வெங்காயம் வராது. காலியாக வந்தால் டீசல் நட்டம் என்று முதலாளி வரவும் சொல்லமாட்டார். பத்து நாள் ஆனால் அதே 5,000 ரூபாய், நாளுக்கு 500. சாப்பாடு, டீ, குளியல் எல்லாம் அதில்தான். சக்கரம் சுற்றாத நாளுக்குக் கிலோமீட்டர் படியில் ஒரு பைசா கிடையாது.

பிடித்தமும் இருக்கிறது. மூட்டை நனைந்தாலோ எடை குறைந்தாலோ சரக்குக்காரப் பார்ட்டி லாரி வாடகையில் கழிப்பார். முதலாளி அதை எங்கள் பக்கம் தள்ளுவார். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதற்கு முன் டோல் காசுக்கும் தகராறு நடக்குமாம், அது இப்போது இல்லை. எடை மேடை, பஞ்சர், தார்ப்பாய் கட்டும் கூலி இதற்கெல்லாம் சீட்டு வாங்கி வைத்துக்கொள்வேன். வழியில் கை நீட்டுகிறவர்களுக்குக் கொடுத்ததற்குச் சீட்டு எங்கே போய் வாங்க? வழிச் செலவுக்குத் தந்த அட்வான்ஸில் அந்தத் தொகை இடித்தது, ஒரு தடவை என் படியிலேயே கழித்தார்கள்.

மறுபக்கம் டீசல் இருக்கிறது. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்து, மிச்சம் பிடித்தால் ஆளுக்குப் பாதி என்று எங்கள் வண்டியில் பேச்சு. அண்ணன் ஓட்டும்போது மிச்சம் நின்றது, நான் ஓட்டும்போது நிற்கவில்லை. ஏற்றத்தில் கியர் மாற்றும் பழக்கம் வந்த பிறகுதான் அந்தக் காசைப் பார்த்தேன்.

இப்போது வண்டி ஏறுவதற்கு முன்பே மூன்று விஷயம் பேசிக்கொள்கிறேன்: நிற்கிற நாளுக்கு என்ன படி, எடை குறைந்தால் யார் பொறுப்பு, கணக்கு எத்தனை நாளில் தீரும். "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி" என்கிறவரிடம் ஏறுவதில்லை.

எங்கள் ஊரில் கேஸ் டேங்கர் நிறைய. எனக்குத் தெரிந்த இரண்டு பேர் அதில் மாதச் சம்பளத்துக்கு ஓட்டுகிறார்கள். அபாயகரமான சரக்குக்கு 3 நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிய வேண்டும். பயிற்சிக்குப் பணம் கட்டியாகிவிட்டது, இந்த டிரிப் கணக்குத் தீர்ந்ததும் போகிறேன்.