முடியாத வேலையும் மெயினும்: பிராஞ்சைப் பின்தங்க விடாமல் வைத்திருக்கும் முறை

எங்கள் குழுவில் சிலர் புதுச்சேரி லாஸ்பேட்டையில், மற்றவர்கள் கடலூரில் வீட்டிலிருந்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்டும் நெட்டும் போய்விட்டால், கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) முடியாத பிராஞ்ச் (வேலைக்கான தனிக் கிளை) மெயினை (எல்லோருக்கும் பொதுவான முதன்மைக் கிளை) விட்டு வெகுதூரம் விலகிவிடும். அதனால் நெட் இருக்கும்போதே, சர்வரில் உள்ள புது மாற்றங்களை இறக்கும் ‘கிட் ஃபெட்ச் ஆரிஜின்’ கொடுத்துவிடுகிறோம். அதற்கும், நம் மாற்றங்களை சர்வருக்கு ஏற்றும் புஷ்ஷுக்கும்தான் நெட் வேண்டும். ரீபேஸ், அதாவது நம் மாற்றங்களைப் புது மெயினின் மேல் மறுபடி வைப்பது, முழுக்க நம் லேப்டாப்பிலேயே நடக்கும்.

ஒருவர் மட்டும் தொடும் பிராஞ்ச் என்றால் ரீபேஸ். இருவர் பகிர்ந்தால், மெயினைப் பிராஞ்சில் அப்படியே கலக்கும் மெர்ஜ்தான் நல்லது. ரீபேஸில் ஒவ்வொரு கமிட்டின் (பதிவு செய்த மாற்றம்) அடையாளமான ஹாஷ் மாறிவிடுவதால், மற்றவர் புல் செய்யும்போது (சர்வரிலிருந்து இறக்கிச் சேர்க்கும்போது) ஒரே மாற்றம் இரண்டு தடவை வந்து நிற்கும்.

தொடங்கும் முன் அரைகுறை வேலையையும் கமிட் செய்துவிடுங்கள். ஸ்டாஷில் (கிட்டின் தற்காலிக ஒதுக்கிடம்) போட்டதை மறந்துவிடுவது எளிது. பிறகு ‘கிட் பிராஞ்ச் பழசு’ என்று ஓர் அடையாளம் வைத்துவிட்டு ‘கிட் ரீபேஸ் ஆரிஜின்/மெயின்’.

கான்ஃப்ளிக்ட் (இரு பக்கமும் ஒரே இடத்தை மாற்றியதால் வரும் மோதல்) வந்தால் பலர் சறுக்குவது, எந்தப் பக்கத்தை எடுப்பது என்று சொல்லும் ‘அவர்ஸ்’, ‘தேர்ஸ்’ விஷயத்தில். ரீபேஸில் இவை மெர்ஜுக்குத் தலைகீழ்: ‘அவர்ஸ்’ என்பது மெயின், ‘தேர்ஸ்’ என்பது நீங்கள் எழுதியது. நம்முடையதுதானே என்று ‘அவர்ஸ்’ கொடுத்தால் உங்கள் வேலைதான் போகும். குழம்பினால் ‘கிட் ரீபேஸ் --அபார்ட்’, பழைய நிலைக்கே வந்துவிடலாம். ‘ரீரீர்.எனேபிள்ட்’ கான்ஃபிக்கை ட்ரூ ஆக்கிவிட்டால், ஒருமுறை தீர்த்த கான்ஃப்ளிக்ட்டை கிட் நினைவில் வைத்து அடுத்த முறை அதுவே தீர்க்கும். தினமும் ரீபேஸ் செய்பவர்களுக்கு இது அவசியம்.

கண்ணில் படாத மோதல்தான் இதைவிட ஆபத்து. மெயினில் ஒருவர் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றியிருப்பார். உங்கள் புது ஃபைல் பழைய பெயரிலேயே அதை அழைக்கும். வரிகள் வேறு வேறு ஃபைலில் இருப்பதால் கிட் ஒன்றும் சொல்லாது. ஜாங்கோவில் (பைத்தானின் வெப் ஃபிரேம்வொர்க்) இன்னொன்று: மெயினிலும் பிராஞ்சிலும் 0042 என்றே மைக்ரேஷன் (டேட்டாபேஸ் மாற்றத்தைச் சொல்லும் ஃபைல்) இருக்கும், பெயர் வேறு என்பதால் ரீபேஸ் சுத்தமாக முடியும், மைக்ரேட் கொடுக்கும்போதுதான் நிற்கும். அதனால் ரீபேஸ் முடிந்ததும் டெஸ்ட்டை ஓட்டாமல் புஷ் செய்யவே கூடாது.

புஷ்ஷுக்கு, சர்வரில் இருப்பதைப் பார்க்காமலே மேலெழுதும் வெறும் ‘--ஃபோர்ஸ்’ வேண்டாம்; நாம் கடைசியாக ஃபெட்ச் செய்தபின் அங்கே மாற்றம் இருந்தால் நிறுத்திவிடும் ‘--ஃபோர்ஸ்-வித்-லீஸ்’ போதும். ஆனால் எடிட்டர் பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்தால் அந்தப் பாதுகாப்பும் பலிக்காது; கிட் 2.30-இல் வந்த ‘--ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ்’ஸையும் கூடவே சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘கிட் ரேஞ்ச்-டிஃப் ஆரிஜின்/மெயின் பழசு ஹெட்’ கொடுத்தால் ரீபேஸுக்கு முன்னும் பின்னும் இருப்பதைக் கமிட் கமிட்டாக ஒப்பிட்டுக் காட்டும். விட்டுப்போன வரி ஏதுமில்லை என்று தெரிந்தபின் ‘பழசு’ பிராஞ்சை அழித்துவிடலாம்.