கிளிமஞ்சாரோ: ஏறி எறங்குனது 7 நாள், ஆள் புடிக்க 3 மாசம்

போன செப்டம்பர்ல தான்சானியாவுல இருக்கற கிளிமஞ்சாரோ மலை ஏறிட்டு வந்ததுல இருந்து ஆபீஸ்லயும் சரி சொந்தக்காரங்க கல்யாணத்துலயும் சரி எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான், எவ்வளவு ஆச்சு? மொதல்லயே சொல்லிடறேன், பிளைட், கம்பெனி, டிப்ஸ், ஷூ ஜாக்கெட் எல்லாம் சேத்தி எனக்கு 3 லட்சத்து 10 ஆயிரம் கிட்ட ஆச்சு. அடுத்து குளிர் எப்படின்னு கேப்பாங்க. ஆனா எந்த கம்பெனில போறதுன்னு எப்படி முடிவு பண்ணுனேன்னு ஒருத்தரும் கேட்டதில்ல, எனக்கு மண்டை காஞ்சது அங்கதான், அதனால அதையே விலாவாரியா எழுதறேன், போற ஐடியா இருக்கறவங்களுக்கு உதவும்.

நான் பெரிய டிரெக்கர் எல்லாம் கெடையாதுங்க. வயசு 46, கோயமுத்தூர்ல பம்பு கம்பெனில காஸ்டிங் செக்ஷன், அதாவது ஒரு பம்பு செய்ய என்ன செலவாகும்னு கணக்குப் போடற வேலை. வருசா வருசம் வெள்ளியங்கிரி போவேன், அதோட சரி. கிளிமஞ்சாரோவுக்கு கயிறு, ஐஸ் கோடாலி ஒண்ணும் வேண்டாம், நடந்தே உச்சிக்கு போயிரலாம்னு படிச்சதும் ஆசை வந்துருச்சு. வெள்ளியங்கிரி ஏழாவது மலை 6,000 அடி கிட்ட வரும், இது 19,341 அடி, மீட்டர்ல 5,895. வீட்டுல சொன்னதும் சம்சாரம் சொன்னது, "ஏனுங்க, வெள்ளியங்கிரி போயிட்டு வந்தே ரெண்டு நாள் கட்டில விட்டு எந்திரிக்கல, நீங்க ஆப்பிரிக்கா போறீங்களாக்கும்". ஆனா அவ தம்பி, என் மச்சான், உடனே நானும் வரேன் மாமான்னு கெளம்பிட்டான், அவனுக்கு 38.

கிளிமஞ்சாரோவுல தனியா ஏற முடியாது. 1991ல இருந்தே லைசென்ஸ் வாங்குன கம்பெனி மூலமா கைடோடதான் போகணும்னு தான்சானியா அரசாங்கம் சட்டம் வச்சிருக்கு. மோஷி அடிவாரத்துல, அருஷா கொஞ்சம் தள்ளி, ரெண்டு ஊர்லயும் கம்பெனிக தெருவுக்கு நாலு. நான் 11 பேத்துக்கு மெயில் போட்டேன், 9 பேர் பதில் போட்டாங்க. ஒரே மலை, ஒரே வழி, ஒரே 7 நாள், ஆனா வெல 1,250 டாலர்ல ஆரம்பிச்சு 3,800 வரைக்கும் போகுது! மச்சான் "எல்லாம் அதே மலைதானுங்க மாமா, இருக்கறதுலயே கம்மிய புடிச்சிரலாம்"னான். நானும் கிட்டத்தட்ட அட்வான்ஸ் அனுப்பியிருப்பேன், ஆனா தொழில் புத்தி விடல, ஒரு ஞாயித்துக்கெழம எக்செல்ல தொறந்து உக்காந்துட்டேன்.

கணக்கு இதுதான். பார்க்குக்குள்ள ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 70 டாலர் கட்டணம், டென்ட்ல தங்க ராத்திரிக்கு 50, மீட்புக்குன்னு மொத்தமா ஒரு 20, இதுக்கு மேல 18 சதவீதம் வாட். 7 நாளைக்கு 490, 6 ராத்திரிக்கு 300, அப்பறம் 20, ஆக 810, வாட்டோட 955 டாலர். இது அப்படியே அரசாங்கத்துக்குப் போயிரும், கம்பெனிக்காரன் ஒரு பைசா கொறைக்க முடியாது. அப்ப 1,250க்கு கூட்டிட்டுப் போறவன்கிட்ட மிச்சம் 295. நாங்க ரெண்டு பேருங்கறதால 590. எங்க ரெண்டு பேத்துக்கு கைடு, துணை கைடு, சமையல்காரர், சுமை தூக்கறவங்க எல்லாம் சேத்தி 10 பேர் வருவாங்க. 590ஐ 10 பேத்துக்கு 7 நாளைக்கு வகுத்தா தலைக்கு எட்டரை டாலர் கூட வரல, அதுலயேதான் எல்லாத்துக்கும் சாப்பாடு, வண்டி, டென்ட் தேய்மானம், மொதலாளி லாபம். எங்கயோ இடிக்குதுல்ல? எங்க இடிக்கும், சுமை தூக்கறவன் கூலிலதான் இடிக்கும்.

அப்பறம் தேடுனப்பதான் கிளிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் புராஜெக்ட்னு ஒண்ணு இருக்கறது தெரிஞ்சுது. போர்ட்டர்களுக்கு கூலி ஒழுங்கா போகுதா, சாப்பாடு போடறாங்களா, தூங்க டென்ட் குடுக்கறாங்களான்னு பாத்து, சரியா நடத்தற கம்பெனிக பேர வெளியிடறாங்க. அந்த லிஸ்ட வச்சு வடிகட்டுனேன். மிச்சம் இருந்தவங்களுக்கும், ஒரு வீம்புக்கு அந்த 1,250 காரனுக்கும் அதே நாலு கேள்வி அனுப்புனேன். போர்ட்டருக்கு நாளுக்கு எவ்வளவு, எப்ப குடுப்பீங்க? அவங்க எங்க தூங்குவாங்க? ஆக்சிஜன் சிலிண்டர் கூட வருமா, எத்தன? எங்க ரெண்டு பேர்ல ஒருத்தனுக்கு முடியாம போனா அவன யாரு கீழ கூட்டிட்டு வருவாங்க?

1,250 காரன் போட்ட பதில் அப்படியே: கவலையே படாதீங்க சார், எல்லாம் நல்லா இருக்கும், இன்னைக்கே கட்டுனா இன்னும் 5 சதவீதம் தள்ளுபடி. அவன அதோட விட்டாச்சு. இன்னொருத்தர் கூலி அட்டவணை, பொருள் லிஸ்ட், எந்த கேம்ப்ல இருந்து எந்த வழியா கீழ எறக்குவோம்ங்கறது வரைக்கும் ஒண்ணரை பக்கத்துக்கு எழுதியிருந்தாங்க, 2,150 டாலர். அங்கயே போட்டாச்சு.

வழி எதுங்கறது அடுத்த கொழப்பம். மரங்கு வழில மரக்குடிச இருக்கு, கட்டில்ல படுக்கலாம், 5 நாள்லயே முடிச்சிரலாம்பாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒடம்பு ஒயரத்துக்கு பழக நேரம் வேணும், மேல காத்தழுத்தம் பாதிதான், ஒவ்வொரு மூச்சுக்கும் நமக்கு கீழ கெடைக்கறதுல பாதி ஆக்சிஜன்தான். நாள் கம்மியானா திரும்பி வர்றவங்க ஜாஸ்தி. நாங்க எடுத்தது மசாமே வழி, 7 நாள். இதுல மூணாவது நாள் லாவா டவர்னு 4,600 மீட்டர் வரைக்கும் ஏத்திட்டு, அன்னைக்கு ராத்திரி பராங்கோ கேம்ப்ல 3,900 சொச்சத்துக்கு எறக்கி படுக்க வப்பாங்க, மேல ஏறு கீழ தூங்குங்கறதுதான் சூட்சுமம். இதே வழி 6 நாள்லயும் உண்டு, அதுல கராங்கா கேம்ப்ல தங்காம நேரா உச்சிக்கு முந்தின கடைசி கேம்ப்பான பராஃபு போயி அதே நடுராத்திரி உச்சிக்கு கெளம்பணும். அந்த ஒரு நாள மிச்சம் புடிக்கறதுக்கு நீங்க போகாமயே இருக்கலாம்னு தோணும் எனக்கு. லெமோஷோ வழி 8 நாள் இன்னும் நல்லதுன்னாங்க, எனக்கு லீவு இல்ல. மார்ச்சுல இருந்து மே வரைக்கும் பெரிய மழை, நவம்பர்ல சின்ன மழை, அதத் தள்ளிட்டுப் பாத்து செப்டம்பர்.

ஒடம்ப தயார் பண்ற கதைக்கு வரேன். வெள்ளியங்கிரி பிப்ரவரில இருந்து மே வரைக்கும் தொறந்திருக்குமே, அந்த சீசன்ல நாலு வாட்டி ஏறுனேன். அதுக்கப்பறம் மருதமலை படி, அதுவும் போக முடியாத நாள்ல அபார்ட்மென்ட் படிக்கட்டு. பேக்ல ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில் நாலு போட்டுட்டு 5 மாடி, பத்து வாட்டி. மூணாவது மாடி பாட்டி ஒரு வாரம் பாத்துட்டு "லிஃப்ட் கெட்டுப்போச்சா தம்பி"ன்னு கேட்டுச்சு. எறங்கறதுக்கும் பழகணும், எல்லாரும் ஏறத்தான் பயிற்சி பண்றோம், முட்டி போறது எறங்கறப்பதான். ஆனா ஒண்ணு, எத்தன படி ஏறுனாலும் ஒயரத்துக்கு நம்ம ஊர்ல பழக வழியில்ல. தமிழ்நாட்டுல இருக்கறதுலயே ஒசரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான், மசாமே வழில மொத ராத்திரி படுக்கற எடமே அதவிட மேல.

டாக்டர்கிட்ட டிஎம்டி (ட்ரெட்மில்லுல நடக்க வச்சு இதயத்த பாக்கற) டெஸ்ட் எடுத்து, பிபி பாத்து, ஒயரத்துல ஒடம்பு ஒத்துக்கறதுக்கு டயமாக்ஸ் மாத்திரை எழுதி வாங்குனேன். சல்ஃபா அலர்ஜி இருக்கான்னு மொதல்ல கேட்டாரு, இருந்தா சொல்லிடணும். மாத்திரை போட்டா வெரல் நுனி எல்லாம் ஊசி குத்தற மாதிரி இருக்கும், ராத்திரி நாலு வாட்டி ஒண்ணுக்கு எந்திரிக்கணும், மைனஸ் அஞ்சு டிகிரில டென்ட் ஜிப்ப தொறந்து ஷூவ தேடறது இருக்கே, அது தனி பயிற்சி. மும்பைல இருந்து அடிஸ் அபாபா வழியா பிளைட்ங்கறதால மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு கார்டு வாங்கி வச்சுக்கிட்டேன், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போட்டேன். போட்டு 10 நாள் கழிச்சுதான் அது செல்லும், கடைசி வாரத்துக்கு வச்சிராதீங்க. விசா ஆன்லைன்லயே, 50 டாலர்.

டாலர் நோட்டு விசயத்துல ஏமாந்தேன். இங்க மாத்திக் குடுத்தவங்க 1996, 2001னு பழைய நோட்டா கலந்து தள்ளிவிட்டுட்டாங்க, நானும் நோட்டு செல்லுமான்னுதான் பாத்தேனே ஒழிய வருசத்த பாக்கல. மோஷில அத ஒருத்தரும் தொடமாட்டேன்னுட்டாங்க, 2006க்கு முன்னாடி அச்சடிச்சது வேண்டாம்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டாங்க. கடைசில கைடு, போர்ட்டர் எல்லாருக்கும் சேத்து நாங்க தலைக்கு 250 டாலர் டிப்ஸ், என் பங்குக்கு மச்சான்கிட்ட கடன். இன்னொண்ணு, தான்சானியாவுல 2019 ஜூன்ல இருந்து பிளாஸ்டிக் கவருக்கு தடை. நாம துணிய மடிச்சு மடிச்சு ஜவுளிக்கட கவர்ல போட்டு வப்போமில்ல, அதெல்லாம் இங்கயே எடுத்து வச்சிட்டு துணிப் பையில கட்டுங்க.

தூங்கற பை, மொத்த ஜாக்கெட், ஊன்றுகோல் எல்லாம் மோஷில வாடகைக்கு எடுத்தோம். ஷூ மட்டும் இங்க வாங்கி ரெண்டு மாசம் போட்டு பழக்கி, பிளைட்லயும் கால்ல போட்டுட்டே போனோம், பெட்டி வராம போனாலும் ஷூ இருக்கும்.

மசாமே கேட்ல தராசு. ஒரு போர்ட்டர் 20 கிலோவுக்கு மேல தூக்கக்கூடாது, அதுல நம்ம பைக்கு 15தான், மீதி அவரோட சொந்த சாமான் மாதிரி. என் பை 17.4. சம்சாரம் கட்டிக் குடுத்த முறுக்கு டின், எக்ஸ்ட்ரா ஜீன்ஸ், ரெண்டாவது பவர் பேங்க்னு ஒவ்வொண்ணா எடுத்து என் முதுகுக்கு மாத்துனேன். இந்த 15 கிலோ விதி பத்தி கம்பெனி மெயில்லயே எழுதியிருந்துச்சு, நான்தான் யாரு எடை போடப் போறாங்கன்னு இருந்துட்டேன். ஆனா நார்த்தங்கா ஊறுகா மட்டும் கீழ வைக்கல, அதுதான் காப்பாத்துச்சு. சமையல்காரர் சூப்பு, சப்பாத்தின்னு நல்லாத்தான் போட்டாரு, அவங்க பாசைலயும் சப்பாத்தி சப்பாத்திதான், சாயா சாய்தான். ஆனா 4,000 மீட்டருக்கு மேல பசிங்கறதே செத்துப்போச்சு, ஒரு துண்டு நார்த்தங்காய நாக்குல வச்சாத்தான் சோறு எறங்குச்சு.

நடக்கறத பத்தி நெறைய சொல்ல மாட்டேன். நாள் முழுக்க கைடு சொல்றது "போலே போலே", மெதுவா மெதுவான்னு அர்த்தம், நெசமாவே கோயில்ல பிரகாரம் சுத்தற வேகம்தான். சாயங்காலம் ஆனா வெரல்ல ஆக்சிமீட்டர் மாட்டி, தலவலி இருக்கா, வாந்தி வருதான்னு கேட்டு நோட்டுல எழுதிக்குவாரு. லாவா டவர்லயே மச்சானுக்கு தலவலி, பராஃபுல ரத்தத்துல ஆக்சிஜன் எனக்கு 78 சதவீதம், அவனுக்கு 71.

ராத்திரி 12 மணிக்கு உச்சிக்கு கெளம்புனோம். தண்ணி ட்யூப் அர மணி நேரத்துல ஒறஞ்சு போச்சு, பாட்டில தலகீழா வச்சிருந்ததால அது மட்டும் குடிக்க முடிஞ்சுது. மூணு மணி வாக்குல, 5,300 மீட்டர் இருக்கும், மச்சான் நேரா நடக்காம தள்ளாட ஆரம்பிச்சான், பேர கேட்டா ரெண்டு செகண்ட் யோசிக்கறான். கைடு ஒரு நிமிசம் கூட பேசல, துணை கைடு கைல சிலிண்டரோட அவன ஒப்படச்சு கீழ அனுப்பிட்டாரு. நான் மேல போறதா வேண்டாமான்னு நின்னேன், "நீ போலாம், அவரு எறங்க எறங்க சரியாயிருவாரு"ன்னாரு. அந்த நாலாவது கேள்விய மெயில்ல கேட்டப்ப ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். ஒரே கைடோட போயிருந்தா அங்கிருந்து ரெண்டு பேரும் திரும்பியிருக்கணும், இல்ல அவன் தனியா எறங்கியிருக்கணும்.

6.50க்கு உச்சில இருக்கற உகுரு போர்டு முன்னாடி நின்னேன். பத்து நிமிசம் கூட இருக்கல, ஒரு போட்டோ, மூக்கு ஒழுகிட்டே, எறங்கியாச்சு. பராஃபுல மச்சான் டென்ட் வாசல்ல உக்காந்து போர்ட்டர்களோட சேந்து என் முறுக்கத் தின்னுட்டு இருந்தான், தலவலியெல்லாம் போயிருச்சாம்.

அன்னைக்கே ம்வேகா கேம்ப் வரைக்கும் எறக்கம், அங்கதான் ஷூ சைஸ் தப்புன்னு தெரிஞ்சுது. கடைல மெல்லிசு சாக்ஸ் போட்டு அளவு பாத்துட்டேன், மொத்த சாக்ஸோட எறங்கறப்ப கட்டவெரல் போயி முட்டிக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு நகமும் கருத்து, தீபாவளிக்கு முன்னாடி ஒண்ணு கழண்டு விழுந்துச்சு, இன்னொண்ணு இப்பத்தான் ஆடுது. மச்சான் லெமோஷோ 8 நாளைக்கு கொட்டேஷன் கேட்டுட்டு இருக்கான், எனக்கும் சேத்தி.