தாத்தாவுக்குத் திதி இல்லை

22 ஜூலை 2025, செவ்வாய்

டயாலிசிஸ் நாள். அப்பாவுக்கு எடை இரண்டரை கிலோ கூடியிருந்தது. "அங்கிள், தண்ணி குடிச்சீங்களா?" என்று மிசி (நர்ஸ்) முறைத்தார். "மழையில நனைஞ்சிட்டேன் மிசி" என்றார் அப்பா. பக்கத்து நாற்காலிக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நாளை மறுநாள் ஆடி அமாவாசை. அதுவும் டயாலிசிஸ் நாள்தான். மாலை வேளைக்கு மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன்.

24 ஜூலை, வியாழன்

காலையில் மோரிப் கடற்கரை. அப்பா உட்கார்ந்தபடியே எள்ளும் தண்ணீரும் இறைத்தார். டயாலிசிஸ் ஊசி குத்த இரத்தக் குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா இருக்கும் கையில் செம்பின் கனம் விழாமல் நான் பிடித்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு மாசியில் திதி கொடுத்தோம். அவள் இறப்புச் சான்றிதழில் மணி, நிமிடம்கூட இருக்கிறது. தாத்தாவுக்கு வருடமே உறுதியில்லை. 1943இல் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் கோல சிலாங்கூர் பக்கத் தோட்டத்திலிருந்து கொண்டுபோனார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) சொன்னாராம். அப்பா அப்போது பாட்டி வயிற்றில்.

சண்டை முடிந்து திரும்பிய ஒருவர், காலராவில் போய்விட்டார் என்றார். இன்னொருவர் பாங்காக்கில் பார்த்தேன் என்றார். அந்த இரண்டாவது ஆளின் பேச்சை நம்பிப் பாட்டி சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை. பாட்டி இருந்தவரை வீட்டில் தாத்தாவுக்குப் படையலும் கிடையாது. "உசுரோட இருக்கிறவருக்கு யாருடா இலை போடுவா?" என்று அடித்துவிடுவாராம். பாட்டி போன பிறகுதான் அப்பா இந்த அமாவாசையைப் பிடித்துக்கொண்டார். நாள் தெரியாமல் போனவர்களுக்கு இதுதான் வழி என்று கோயில் ஐயர் சொன்னாராம்.

படையலில் வாழைப்பழம், இளநீர். பொட்டாசியம் ஏறும் என்பதால் இரண்டும் அப்பாவுக்கு ஆகாது. "எங்கப்பாவாச்சும் சாப்பிடட்டும்" என்றார்.

31 ஜூலை, வியாழன்

வீரர் தினம். கோலாலம்பூர் தேசிய நினைவுச் சின்னத்தில் 1939-1945 என்று பொறித்திருப்பதைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருக்கிறேன். தாத்தா செத்ததும் அந்த வருடங்களுக்குள்தான் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"அவரு சண்டைக்கா போனாரு? கூலிக்குத்தானே போனாரு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலா, வேறு யார் மேலா என்று தெரியவில்லை.

9 ஆகஸ்ட், சனி

அப்பாவுக்கு ஊசி குத்தி உட்கார்ந்தால் நாலு மணி நேரம். அக்கா மகன் தாய்லாந்தின் காஞ்சனபுரியில், அந்த ரயில் பாதையில் செத்த கைதிகளின் மயானத்தில் எடுத்த படங்களைக் காட்டினேன். ஒரே அளவில் வெட்டிய புல், வரிசை வரிசையாகக் கல். போர்க் கைதிகள் ஏறக்குறைய 7,000 பேர் அந்த மயானத்தில் இருக்கிறார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக்காரர்கள்.

தாத்தா போன அந்த ரயில் பாதை 415 கிலோமீட்டர். அதில் செத்த கைதிகள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளிகள் 90,000 பேர்வரை இருக்கலாம் என்கிறார்கள். மலாயாத் தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர். படையில் பெயர்ப்பட்டியல் வைத்திருந்தார்கள், அதனால் கல் வைக்க முடிந்தது. காலரா கண்ட கூலி முகாமில் யார் பெயர் எழுதினார்கள்? மொத்தமாகக் குழியில் போட்டார்கள், இல்லை எரித்தார்கள்.

அப்பா கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தார். புல்லை யார் வெட்டுவார்கள், சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். தோட்டத்தில் வளர்ந்தவர், வேறென்ன கேட்பார்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

மெர்டேக்கா, சுதந்திர நாள். தொலைக்காட்சியில் அணிவகுப்பு. 1957இல் முதல் பிரதமர் துங்கு ஏழு முறை மெர்டேக்கா என்று முழங்கியபோது அப்பாவுக்கு வயது 13. தோட்டத்தில் வானொலி இருந்தது கிராணி வீட்டில் மட்டும். ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டாராம். பாட்டிக்கு அன்றும் ஒரே கேள்வி: "இனிமே சயாமுலேருந்து ஆளுங்கள விட்டுருவாங்களா?" இதை இவ்வளவு வருடம் அப்பா எங்களிடம் சொன்னதே இல்லை.

அதே தோட்டத்திலிருந்து போன மற்றவர்கள் பெயர் ஞாபகம் இருக்கா என்றேன். நாலு பெயர் சொன்னார். ஐந்தாவது ஆளுக்குப் பட்டப்பெயர்தான் தெரியும், நெட்டையன். எழுதிக்கொண்டேன். நெட்டையனின் தம்பி மகள் பந்திங்கில் இருக்கிறாராம். அவர் எண்ணை வாங்க வேண்டும். செவ்வாய்க்கிழமை இரத்தப் பரிசோதனை, சாப்பிடாமல் போகணுமா என்று மிசியிடம் கேட்க வேண்டும்.