ஓசூர் விமான நிலையம் இரு மாநிலங்களுக்கும் பொதுவாக இருக்கட்டும்

கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து வெளிநாடு செல்கிறவர்களில் பெரும்பாலோர், சென்னையைவிடப் பக்கம் என்பதால், தேவனஹள்ளியில் உள்ள பெங்களூரு விமான நிலையத்துக்கே செல்கிறோம். ஆனால் அந்த விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே இருக்கிறது. நாம் தெற்கிலிருந்து வருகிறோம். அத்திப்பள்ளியில் மாநில எல்லையைக் கடந்து, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பாள் என்று நகரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தாண்டினால்தான் அங்கே போய்ச் சேர முடியும். பேரிகையிலும் தளியிலும் பசுமைக்குடில்களில் வளர்க்கப்பட்டு, பிப்ரவரி மாதத்தில் காதலர் தினத்துக்காக வெளிநாடு போகும் ரோஜாக்களுக்கும் பெங்களூரு வழிதான் வாய்த்திருக்கிறது. தருமபுரிக்காரர்களுக்குக் காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் ஓரளவு கைகொடுக்கிறது. 2018-இல், சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் கீழ், அங்கிருந்து சென்னைக்குத் தொடங்கிய சேவை, இடையில் நின்றுபோய், 2023 அக்டோபரில்தான் மறுபடி உயிர்பெற்றது. ஆனால் அங்கே சிறிய ஏ.டி.ஆர். விமானங்கள்தான் வந்து போகின்றன.

இத்தனைக்கும் ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் ஏறத்தாழ 7,000 அடி நீள ஓடுதளம் பல ஆண்டுகளாக இருக்கிறது. தனேஜா ஏரோஸ்பேஸ் என்ற தனியார் நிறுவனத்துக்குச் சொந்தமான அது, சேலத்தின் ஓடுதளத்தைவிட நீளமானது. அங்கே பயணிகள் விமானம் இறங்காததற்குக் காரணமாகச் சொல்லப்படுவது 2004-இல் மத்திய அரசு பெங்களூரு விமான நிலைய நிறுவனத்துடன் செய்துகொண்ட உடன்பாடு. தேவனஹள்ளியிலிருந்து வான்வழியில் 150 கிலோமீட்டர் தூரத்துக்குள், அந்த நிலையம் திறக்கப்பட்ட நாளிலிருந்து 25 ஆண்டுகளுக்கு, வேறெந்த விமான நிலையத்தையும் சர்வதேச நிலையமாக வளர்க்கக் கூடாது என்று அது சொல்கிறது. கர்நாடகத்தில் உள்ள மைசூருக்கும் ஹாசனுக்கும் அதில் விலக்கு உண்டு. எல்லைக்கு இப்பால் உள்ள ஓசூருக்கு இல்லை. தேவனஹள்ளி நிலையம் 2008 மே மாதம் திறக்கப்பட்டதால் இந்தத் தடை 2033 வரை நீடிக்கும். உடான் திட்டத்தில் ஓசூரின் பெயர் எழுந்தபோதும் இந்த உடன்பாடுதான் குறுக்கே நின்றது. நம் ஊரைக் கட்டுப்படுத்தும் ஓர் உடன்பாட்டில் நம் மாவட்டத்தின் தேவை கணக்கிலேயே எடுத்துக்கொள்ளப்படவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

2024 ஜூன் மாதம் சட்டப்பேரவையில், ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் சர்வதேச விமான நிலையம் அமைக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தபோது இங்கே பலரும் மகிழ்ந்தோம். மறுபக்கம், பெங்களூருவுக்கு இரண்டாவது விமான நிலையம் தேடும் கர்நாடக அரசு, கனகபுரா சாலையில் இரண்டு இடங்களையும் நெலமங்கலா பக்கம் ஓர் இடத்தையும் முன்வைத்தது. கனகபுரா சாலைக்கும் ஓசூருக்கும் தூரம் அதிகமில்லை. ஏறக்குறைய ஒரே பயணிகளையும் ஒரே சரக்கையும் நம்பி, எல்லைக் கோட்டின் இருபுறமும் இரண்டு பெரிய நிலையங்கள் தனித்தனியே திட்டமிடப்படுகின்றன என்பதுதான் இன்றைய நிலை.

இரண்டு தனி நாடுகளே இதைவிட நன்றாக நடந்துகொண்டிருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் எல்லை நகரமான பேசலுக்கு விரிவான விமான நிலையம் கட்டப் போதிய சமநிலம் கிடைக்கவில்லை. எல்லைக்கு அப்பால் பிரான்சில் நிலம் இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டே, 1946-இல், அங்கே தற்காலிக நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கியது. 1949-இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. நிலம் பிரான்சினுடையது, கட்டுமானப் பணத்தில் பெரும்பங்கு சுவிட்சர்லாந்தினுடையது, நிர்வாகக் குழுவில் இருவருக்கும் சரிபாதி இடம். பேசலிலிருந்து பிரெஞ்சு மண்ணின் வழியே வேலியிட்ட தனிச் சாலை ஒன்று நேராக நிலையத்தின் சுவிஸ் பகுதிக்குப் போகிறது. அதில் செல்கிறவர் பிரெஞ்சுச் சுங்கச் சோதனைக்கு நிற்க வேண்டியதில்லை. பக்கத்து ஜெர்மனிக்காரர்களும் அதே நிலையத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். பேசல், பக்கத்துப் பிரெஞ்சு நகரமான முலூஸ், இரண்டுக்கும் பொதுவானது என்று ஒரே விமான நிலையத்துக்கு மூன்று குறியீடுகள் இருப்பதை ஒரு வரைபடத்தில் பார்த்தபோதுதான் ஓசூரைப் பற்றி இப்படி யோசிக்கத் தொடங்கினேன்.

அங்கே தீர்க்கப்பட்ட சிக்கல்களில் பாதி நமக்கு இல்லவே இல்லை. அத்திப்பள்ளியில் பாஸ்போர்ட் கேட்பாரில்லை, நாணயம் மாறுவதில்லை, விமானப் போக்குவரத்துச் சட்டமும் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். எஞ்சியிருப்பது வருவாய்ப் பங்கீடு. விமான எரிபொருள் இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வராததால் அதன் மீதான விற்பனை வரி அந்தந்த மாநிலத்துக்கே சேர்கிறது. ஆகவே நிலையம் எந்தப் பக்கம் அமைகிறதோ அந்தப் பக்கத்துக்கே லாபம் என்ற எண்ணம் இரு அரசுகளுக்கும் வருவது இயல்பு. இதைப் பேசித் தீர்க்க முடியும்.

பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மெட்ரோ ரயிலே சாட்சி. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை பெங்களூரு மெட்ரோ வந்துவிட்டது. அதை ஓசூருக்கு நீட்டும் யோசனையோ, அங்கே தண்டவாளத்தின் அருகில் மூன்றாவது தடம் வழியாக 750 வோல்ட் நேர்மின்சாரம், தமிழ்நாட்டு மெட்ரோவில் மேல்கம்பி வழியாக 25,000 வோல்ட் மாறுமின்சாரம் என்ற வேறுபாட்டில் சிக்கிக்கொண்டது. விமான நிலையமே வந்தாலும் அதற்கு வந்து சேரும் ரயில் எல்லையில் நின்றுவிடுமானால், பாதிப் பயன் அங்கேயே போய்விடும்.

2,000 ஏக்கர் என்பது சிறிய பரப்பு அன்று. தக்காளியும் பூவும் விளையும் நிலத்தைக் கொடுக்கப்போகிற குடும்பங்கள் நம் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. எல்லைக்கு அப்பால் இன்னொரு நிலையம் எழுந்து இங்கே விமானங்கள் குறைந்துபோனால், நிலத்தை இழந்தவர்களுக்கு எந்த அரசும் ஈடு சொல்ல முடியாது. ஆகவே நிலம் எடுக்கும் அறிவிப்புகள் வெளிவருவதற்கு முன்பே தமிழ்நாடும் கர்நாடகமும் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகமும் ஒன்றாக உட்கார வேண்டும். வரிப் பங்கீட்டையும், இரு பக்கச் சாலை, மெட்ரோ இணைப்பையும், 150 கிலோமீட்டர் விதியில் ஓசூருக்கு விலக்கையும் அதே மேசையில் முடிவு செய்ய வேண்டும். அறிவிப்புகள் வந்தபின் ஒவ்வொரு அரசும் தன் இடத்தையே காக்க நிற்கும்.